ஒரு சாண் மடிப்பு

கடைத்தெருவில் அந்த லாண்டரிக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கத்தான் செய்தது. யாரும் அதைப் படித்ததில்லை. கஞ்சியக்கா கடை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சட்டைக் காலருக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக நிறுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் கழுத்தும் அதே விறைப்புதான், யாருக்கும் வளையாது. அவளுக்கு ஒரு தங்கை. அந்தத் தங்கைக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. சின்னவள் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். தலையில் நரை விழுந்த பிறகும் அவள் சின்னவள்தான்.

முன்னால் கல்லாவில் அக்கா உட்காருவாள். பின்னறையில் தேய்ப்பு மேசைக்குப் பின்னால் சின்னவள் நிற்பாள். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது, துணியை வாங்குவது, கொடுப்பது, கிழிசல் தைப்பது எல்லாம் அக்கா. ஆவியில் வேகுவது மட்டும் தங்கை. அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, ஆன வேகத்தில் முறிந்துபோயிற்று. தங்கைக்கு ஆகவே இல்லை. ஆக ஒருத்திக்கு ஒருத்திதான். அதில் சின்னவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. அக்கா சொன்னால் கேட்டுக்கொள்வது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன சுகம்.

கடையை ஆரம்பித்தது அவர்களுடைய அம்மா. கடைசிக் காலத்தில் அவளுக்கு நினைவு தப்பியது. முதலில் வாடிக்கைக்காரர்களின் பெயர் போயிற்று, அப்புறம் தெருவின் பெயர், கடைசியில் பெற்ற மகள்களின் பெயர். கால் மட்டும் எதையும் மறக்கவில்லை. கொஞ்சம் கண் அசந்தால் போதும், துணிமூட்டை எடுக்கப் போகிறேன் என்று வாசலைத் தாண்டிவிடுவாள். ஒருநாள் லாரிக்காரன் பிரேக் அடித்த சத்தத்தில் தெருவே வெளியே ஓடி வந்தது. சக்கரத்துக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டு லாரிக்காரனிடம், "அழுக்குத் துணி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு பழைய விரிப்பின் ஓரத்தைக் கிழித்து எடுத்தாள். மெத்தென்று இருக்கும்படி இரண்டாக மடித்து, அம்மாவின் வலது மணிக்கட்டில் சுற்றி, மறுமுனையைக் கட்டில் காலில் கட்டினாள். வாழ்நாள் முழுக்க மூட்டை கட்டி அவிழ்த்தவள் அம்மா. எந்த முடிச்சையும் பேசிக்கொண்டே பிரித்துவிடுவாள். அதனால் அக்கா அவள் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து முடிச்சுப் போட்டாள். "கடை தொறந்திருக்கிற நேரத்துக்கு மட்டும்தான்," என்றாள். கடை எப்போதும் திறந்துதான் இருந்தது.

வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. தெருவில் பேச்சே வேறு. "பொண்ணுன்னா இப்படிப் பெத்துக்கணும், தாயைக் கண்ணுல வச்சுத் தாங்குறாங்க," என்பார்கள். அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். என்ன அடக்கம் பார் என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும். பின்னறையில் அம்மாவுக்கு எதிரே நின்று தேய்த்துக்கொண்டிருந்தது சின்னவள்தான். "அவிழ்த்து விடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று பெற்ற தாய் முன்பின் தெரியாத ஒருத்தியைக் கேட்பதைப்போல அவளைக் கேட்பாள். சின்னவள் இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டையைப் பார்ப்பாள். அவிழ்க்கவில்லை. அம்மா போகும்வரை அவிழ்க்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஒருமுறை, அம்மா போட்ட கூச்சலில் சின்னவள் இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் விரிப்பு தீய்ந்திருந்தது. தேய்ப்பவளுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க அதில் ஒரு தோளும் கழுத்தும் தெரிந்தன. விரிப்பை ஒளித்து வைத்தாள். பிறகு யாரும் வாங்கிப்போகாமல் கடையில் கிடந்த விரிப்புகளில் வேண்டுமென்றே தீய்க்க ஆரம்பித்தாள். பெட்டியைத் தொட்டு எடுத்தால் இளம் பழுப்பு. ஒரு மூச்சு கூடுதலாக வைத்தால் காபி நிறம். இன்னும் கொஞ்சம் ஏமாந்தால் ஓட்டை. கூர்முனையால் கோடு, அடிப்பாகத்தால் நிழல். ஈரத்துணியை நடுவில் போட்டால் நிழலின் ஓரம் கரையும். ஊரில் எல்லோரும் தூரிகையால் வரைகிறார்கள், இவள் தன் தொழிலில் செய்யக்கூடாத தப்பைச் செய்தே வரைந்தாள்.

மேட்டுச் சாலையில் ஒரு அருங்காட்சியகம் இருந்தது. கீழ்த்தளத்தில் பாடம் பண்ணிய பறவைகளும் ஒட்டுப்போட்ட பானைகளும். மாடியில் ஓவியக்கூடம். மாடியின் கடைசி அறையை ஊர்க்காரர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஊரில் ஏதாவது ஒரு கூட்டத்தார் தங்கள் பொருளையோ படத்தையோ கொண்டுவந்து அங்கே வைக்கலாம். பேருந்து ஓட்டுநர்கள் ஒருமுறை வைத்தார்கள், கண் தெரியாதவர்கள் களிமண்ணில் செய்த தலைகளை ஒருமுறை வைத்தார்கள். இந்த முறை கடைத்தெருவின் பங்கு. அதற்குப் பொறுப்பாக ஒரு மேடம் இருந்தாள். நல்ல மாதிரிதான். ஆனால் எதைக் கேட்டாலும், "இது உங்க கண்காட்சி, நீங்கதான் சொல்லணும்," என்பாள். ஆணி எங்கே அடிப்பது என்றாலும் அதே பதில்தான். கடைத்தெருவின் பூட்டுக்காரர் அவளுக்கு 'நீங்கதான் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

கண்காட்சியைப் பற்றிய கூட்டம் பூட்டுக்காரர் கடையில் நடந்தது. கடைத்தெருவின் சார்பில் பேச ஒருவர் வேண்டும் என்றபோது எல்லோர் கண்ணும் தானாகக் கஞ்சியக்கா பக்கம் திரும்பியது. பூட்டுக்காரர் சாவி தொலைந்துபோன பூட்டுகளை வைப்பதாகச் சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் தகர அச்சுகளைக் கொண்டுவருவதாகச் சொன்னார். அக்கா, பழைய கரி இஸ்திரிப் பெட்டி ஒன்று பரணில் கிடக்கிறது என்றாள். அப்போதுதான் மூலையிலிருந்து சின்னவள், "நானும் ஒண்ணு கொண்டு வரட்டுமா?" என்றாள். இவளுக்குப் பேச வரும் என்பதே அங்கே பாதிப்பேருக்கு அன்றுதான் தெரியும்.

அம்மாவைத்தான் விரிப்பில் தீய்க்க நினைத்தாள். மாதக்கணக்காக மனதில் கிடந்த படம். அம்மா படுத்திருக்கிறாள், முகம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வலது கை இடப்பக்க விளிம்புவரை நீண்டு போகிறது. விளிம்பில் மணிக்கட்டு, துணிக்கீற்று, முடிச்சு. அவள் கெஞ்சியபோது அவிழ்க்கவில்லை. அந்தக் கையை நாலு பேர் பார்க்கவாவது வேண்டும் என்று சின்னவளுக்குத் தோன்றியது. பார்த்துவிட்டு என்ன சொன்னாலும் சரி. இப்படி ஒரு கை இருந்தது என்று தங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமல் போவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆனால் அக்காவைக் கேட்காமல் அவள் துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. படம் முடிந்ததும், கடைக்கு விடுமுறை நாளாகப் பார்த்து, தேய்ப்பு மேசையில் விரித்து அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வந்து நின்றாள். படத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"இதையா கொண்டு போகப்போற?"

"நீ வேண்டாம்னா கொண்டு போகலக்கா. சத்தியமா. சுருட்டி உள்ள வச்சிடுவேன்."

அக்கா விரலால் அந்த முடிச்சைத் தடவினாள். "முடிச்சு அப்படியே இருக்குடி," என்றாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அந்த விறைத்த கழுத்து அன்றுதான் முதல்முறையாக வளைந்ததைச் சின்னவள் பார்த்தாள்.

"கொண்டு போ. உண்மைதானே? எத்தனை நாளைக்கு நானும் இதை வயித்துல கட்டிக்கிட்டே அலையறது? பார்க்கட்டும். பார்த்துட்டு என்ன வேணா பேசட்டும்."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மா செத்த அன்றுகூட அவர்கள் அப்படி அழவில்லை. அன்று வந்தவர்களைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. இது வேறு அழுகை. எழுந்தபோது சின்னவளுக்கு மனதில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. அக்கா காபி போட்டுக் கொடுத்தாள். அக்கா காபி போட்டுக் கொடுப்பது அந்த வீட்டில் நடக்கிற காரியமே இல்லை.

மேலே ஒரு கம்பி நுழைகிற மாதிரி உறை தைக்க வேண்டும், பக்கவாட்டில் இரண்டு விரல் அகலம் மடித்துத் தைத்தால் துணி நேராக விழும் என்று மேடம் சொல்லியனுப்பியிருந்தாள். "நான் தைக்கிறேன். உனக்கு ஓரம் தைக்க வராது, கோணிக்கிட்டுப் போகும்," என்றாள் அக்கா. அது உண்மைதான். சின்னவள் இஸ்திரியில் புலி, ஊசியில் பூனை. அந்த வாரம் ஒரு விடுதியிலிருந்து விரிப்பும் உறையுமாக மலைபோல வந்து குவிந்திருந்தது. அவள் தலை நிமிரவில்லை. முன்னறையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டபோதெல்லாம், அக்கா தன் படத்தைத் தைக்கிறாள் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனாள்.

"தச்சு, நானே மேடம் கையில கொண்டு போய்க் கொடுத்துட்டேன். நீ நேரா விழாவுக்கு வந்தாப் போதும்," என்றாள் அக்கா. எனக்காக இவ்வளவு செய்கிறாளே என்று சின்னவள் உருகிப்போனாள். பாவி மகள், அந்த இடத்திலாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கத் தோன்றவில்லை. சொந்த அக்காவை யார் சந்தேகப்படுவார்கள்?

விழா அன்று மத்தியானம், ஊருக்கெல்லாம் தேய்த்துக் கொடுப்பவள் தனக்கென்று ஒன்றைத் தேய்த்து உடுத்திக்கொண்டு கிளம்பினாள். அக்கா முன்பே போய்விட்டிருந்தாள். அருங்காட்சியகத்தின் மாடிப்படியில் ஏறினாள். அறைக்குள் கடைத்தெருவே இருந்தது. பூட்டுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜமரியாதையோடு கிடந்தன. நேர் எதிர்ச்சுவரில், நடுநாயகமாக, விளக்கு வெளிச்சத்தில் அம்மா.

அவள் வாசலிலேயே நின்றாள். மேசையில் பார்த்ததைவிடப் பெரியதாக இருந்தது. கன்னத்து நிழல் அவள் நினைத்தபடியே விழுந்திருந்தது. முகத்திலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து கை என்று கண் தானாக நகர்ந்தது. முழங்கை வந்தது. அதற்குப் பிறகு வெள்ளைச் சுவர் வந்தது.

இன்னொரு முறை பார்த்தாள். அருகில் போய்ப் பார்த்தாள். இடது ஓரம் நேர்க்கோடாக, ஒரு பிசிறு இல்லாமல் தைத்திருந்தது. இரண்டு விரல் மடிக்கச் சொன்ன இடத்தில் ஒரு முழுச் சாண் மடித்திருந்தது. மணிக்கட்டும் துணிக்கீற்றும் முடிச்சும் துணியின் பின்பக்கம் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்தது, கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிற ஒரு கிழவி.

முதலில் அவள் அக்காவுக்காகத்தான் வாதாடினாள். அளவு தப்பியிருக்கும். அக்காவுக்கு இப்போதெல்லாம் கண் முன்போல இல்லை. அவசரத்தில் தைத்திருப்பாள். மேடம் தப்பாகச் சொல்லியிருப்பாள். இப்படியே இன்னும் நாலு சமாதானம் கண்டுபிடித்திருப்பாள். ஆனால் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை இருந்தது. படத்துக்கு 'அம்மாவின் கை' என்றுதான் அவள் மேடத்திடம் பெயர் சொல்லியிருந்தாள். அட்டையில் 'அம்மா தூங்குகிறாள்' என்று இருந்தது.

மேடம் மலர்ந்த முகத்தோடு வந்தாள். "எல்லாரும் உங்க படத்துக்கு முன்னாடிதான் நிக்கிறாங்க."

"பேரை யாரு மாத்தினா?"

"அக்கா போன் பண்ணாங்களே. ரெண்டு பேரும் கலந்து பேசி மாத்தினதாச் சொன்னாங்க. உங்க கண்காட்சி, நீங்க சொன்னாச் சரின்னு நானும் உடனே மாத்திட்டேன். ஏன், எழுத்துல ஏதாவது தப்பா?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. கடைத்தெருவின் சார்பில் நாலு வார்த்தை பேச அக்கா முன்னால் வந்து நின்றாள். பூட்டைப் பற்றி ஒன்று, ரொட்டியைப் பற்றி ஒன்று என்று சிரிக்கவைத்துவிட்டு, அம்மாவின் படத்தைக் கை காட்டினாள்.

"இதை என் தங்கச்சி செஞ்சா. என் தங்கச்சிக்குள்ள இப்படி ஒரு திறமை இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்கே தெரியாது. எங்கம்மா கடைசியில குழந்தையாயிட்டாங்க. அந்தக் கை நீண்டு போகுது பாருங்க, அது எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. என் மடிக்குத்தான் போகுது. என் மடியில கையை வச்சுக்கிட்டாத்தான் அவங்களுக்குத் தூக்கமே வரும்."

கைத்தட்டல். பூட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். அக்காவின் கண்ணிலும் நிஜமாகவே நீர் நின்றது. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று எத்தனையோ பேர் சொல்லச் சின்னவள் கேட்டிருக்கிறாள். அறுப்பவர் அழுதுகொண்டே அறுப்பார் என்று யாரும் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்து தேநீர்ப் பக்கம் போனதும் அவள் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள். படியிறங்கிக் கீழே அழைத்துப்போனாள். பறவைகள் இருந்த அறையில் ஆள் இல்லை.

"ஏன்க்கா மடிச்ச?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அக்கா சுற்றிலும் பார்த்தாள். பாடம் பண்ணிய ஒரு நாரையைத் தவிர கேட்பதற்கு யாரும் இல்லை. "வெட்டலயே? மடிச்சுத்தானே தச்சிருக்கேன்? எல்லாம் உள்ள பத்திரமாத்தான் இருக்கு. கண்காட்சி முடிஞ்சதும் பிரிச்சு எடுத்து வீட்ல மாட்டிக்க. யாரு வேண்டாங்கறா?"

"வேண்டாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. உன்னைக் கேட்டுட்டுத்தானே செஞ்சேன்? உள்ள வச்சிடுறேன்னு சொன்னேனே?"

"சொல்லியிருந்தா? மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு மாசக்கணக்குல பேசாம இருந்திருப்ப. உன் படமும் மாட்டின மாதிரி ஆச்சு, எனக்கும் ஒரு கெட்ட பேரு இல்லாமப் போச்சு. இதுல உனக்கு என்னடி குறைஞ்சு போச்சு?"

"அப்ப அன்னைக்கு அழுதது?"

அக்கா கொஞ்சம் தடுமாறினாள். "அழுதது நிஜம்தான். அதுல பொய் இல்ல. அதுக்காக வீட்ல அழுததையெல்லாம் கொண்டு போய் ஊர் நடுவுல மாட்டணுமா? உனக்கென்ன, நீ பின்னறையில இருப்ப. நாளைக்குக் கல்லாவுல உக்காந்து ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பார்க்கப்போறது நான்."

"மடியில இருந்துச்சுன்னு சொன்னியே. எந்த மடியில இருந்துச்சு?"

"மெதுவாப் பேசு," என்றாள் அக்கா. உடையை நீவிவிட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சின்னவள் அந்த நாரைக்கு முன்னால் நின்றாள். அழுகை வரவில்லை. கோபமாவது முழுசாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஊர் வாயை அக்கா மூடட்டும், படத்தைத் தூக்கி அடுப்பில்கூடப் போடட்டும், அதையெல்லாம் அவள் மன்னித்திருப்பாள். அன்று தரையில் உட்கார்ந்து தன்னைக் கட்டிக்கொண்டு அழுதவள், மறுநாளே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அளவெடுத்திருக்கிறாள். பின்னறையில் தான் பூரித்துக்கொண்டிருந்த அதே சத்தம்தான். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மாடிக்கு ஏறினாள். நேராகப் படத்திடம் போனாள். தையல் நெருக்கமாக இருந்தாலும் ஒரு முனையைக் கண்டுபிடித்துவிட்டால் நூல் ஓடி வந்துவிடும். இடது ஓரத்தின் அடிமுனையைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, தொடக்கூடாது," என்றார் காவலாளி.

"இது நான் செஞ்சது."

"இருக்கட்டும்மா. யாரு செஞ்சிருந்தாலும் மாட்டினப்புறம் தொடக்கூடாது. சட்டம்." அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"இதைச் செஞ்சது நீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. கடைத்தெருவைச் சேர்ந்தவள் இல்லை. தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெண், சின்னவளின் வயதுதான் இருக்கும். ரொம்ப நேரமாக அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றிருந்தாள் போலிருக்கிறது. கண் சிவந்திருந்தது. "உங்கம்மா கொடுத்து வச்சவங்க. எங்கம்மாவும் கடைசியில இப்படித்தான், எதுவும் நினைவில்ல. நாங்க வெளியே பூட்டிட்டு வேலைக்குப் போவோம். திரும்பி வர்ற வரைக்கும் கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்கன்னு பக்கத்து வீட்ல சொல்லுவாங்க. உங்க படத்தைப் பார்த்தா எனக்கு வெக்கமா இருக்குங்க. மடியில போட்டுத் தூங்க வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

சின்னவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அத்தோடு முடிந்தது. நாளைக்கு வழக்கம்போலக் கடை திறக்கலாம். கதவைப் பூட்டிய ஒருத்தி தன் வெட்கத்தோடு வீட்டுக்குப் போவாள்.

"நாங்க கட்டிப் போட்டிருந்தோம்," என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

"மடியெல்லாம் இல்ல. துணியால கட்டிலோட கட்டிப் போட்டிருந்தோம். நான் அதைத்தான் வரைஞ்சிருந்தேன். பின்னாடி மடிச்சுத் தச்சிருக்கு."

குரல் அவள் நினைத்ததைவிட ஓங்கி வந்துவிட்டது. தேநீர்க் கோப்பைகளின் சத்தம் நின்றது. பூட்டுக்காரர் திரும்பினார். மேடம் திரும்பினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கோபமாக வருவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அக்கா பாசமாக வந்தாள். தங்கையின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் பேசினாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. அம்மா போனதுலேர்ந்து இவளுக்கு மனசு ஒரு நிலையில இல்ல. இல்லாததையெல்லாம் இருந்ததாச் சொல்லுவா. எங்கம்மாவுக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு."

அறை முழுக்க ஒரு 'ச்சு' கொட்டும் சத்தம் எழுந்தது. பூட்டுக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். "உக்காரும்மா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. எல்லாம் சரியாப் போயிடும்." மேடம் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "மெதுவாக் குடிங்க." எல்லோர் குரலும் ஒரே நொடியில் குழைந்துவிட்டது. சின்னவளுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அம்மாவிடம் பேசுவதற்கென்று ஊர் வைத்திருந்த குரல் அது. அன்பாக இருக்கும், ஆனால் பதிலை எதிர்பார்க்காது.

இனி என்ன சொன்னாலும் எடுபடாது என்று அவளுக்குப் புரிந்தது. கூச்சல் போட்டால் அது ஒரு அறிகுறி. அழுதால் இன்னொரு அறிகுறி. சும்மா உட்கார்ந்திருந்தால் பாவம், அசந்துவிட்டாள் என்பார்கள். அக்கா ஒரே வாக்கியத்தில் எல்லா வாசலையும் அடைத்துவிட்டாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

துணிப்பைக்காரி மட்டும் நகரவில்லை. அக்காவைப் பார்த்தாள். படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தாள். பிறகு சின்னவளின் முன்னால் குனிந்து, சாதாரணக் குரலில் கேட்டாள்.

"எந்தக் கைங்க?"

"வலது கை," என்றாள் சின்னவள். "கட்டினது அக்கா. அவிழ்க்காம எதிர்ல நின்னது நான்."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்காவுக்கும் அது தெரிந்தது.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்று அக்கா தங்கையின் தோளை அழுத்தினாள்.

"நீ போ."

அப்படி ஒரு வார்த்தையை அக்காவிடம் அவள் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை. அக்காவின் கை தானாக விலகியது. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பூட்டுக்காரர் அவளோடு பாதிப்படி வரை போய், "நீ ஒருத்தி எத்தனை பேரைத்தான் பார்ப்பம்மா," என்று தேற்றிக்கொண்டிருந்தது மேலே வரைக்கும் கேட்டது.

ஊர் நம்பாதது சின்னவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. ஊர் அவளை எப்போது கணக்கில் வைத்திருந்தது? அவளுக்கு இந்த உலகத்தில் இருந்ததே ஒரே ஒருத்திதான். அந்த ஒருத்தி இன்று நாலு பேர் நடுவில், பாசமாக அணைத்துக்கொண்டே, அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகிறாள். துணிப்பைக்காரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தண்ணீர்க் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள். நாளைக்கு அந்தக் கடையில் தேய்க்கப் போவதில்லை என்பது சின்னவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வேறு எங்கே போவது என்பது மட்டும் தெரியவில்லை.